உறியை வைத்துவிட்டு வந்தவர்



அழைப்பிதழில் ‘அறக்கட்டளைச் சொற்பொழிவு’ என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தின் பழைய அறக்கட்டளை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். பழனிக்கு மேற்கே, பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு நம் ஊர்க்காரர்கள் பலர் போய் வந்திருப்பீர்கள். பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்பது ஊர்ப்பேச்சு. அங்கே இயற்கையாக அமைந்த பாறைக் குடைவின் நெற்றியில் 16 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு அருகே ஒரு கல்வெட்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர் என்னும் சமணத் துறவி, பார்சுவநாதர் படிமத்தையும் இயக்கியர் படிமங்களையும் புதுப்பித்து, அவற்றின் படையலுக்கும், துறவி ஒருவரின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைத்தார் என்று அது சொல்கிறது. வரகுணன் எட்டு ஆண்டுக்கு முன் 862இல் பட்டத்துக்கு வந்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டது இந்த ஒரு கல்வெட்டை வைத்துத்தான்.

பாண்டிய வரலாற்றுக்கு ஆண்டுக்கணக்கு கிடைத்தது நல்லது. எனக்கு அந்தச் சோறு முக்கியம். ஒரே ஒரு துறவிக்குச் சோறு. சாந்திவீரர் அத்தனை பொன்னை வைத்தது, மலைமேல் யாராவது ஒருவர் தொடர்ந்து இருப்பார், அவர் பசியோடு இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில். கூட்டம் கரைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். புதுப்பிக்க வேண்டியிருந்தது என்றால் பழையது மங்கிப்போயிருந்தது என்றுதானே பொருள்?

நான் பேச வந்தது, அப்படிப்பட்ட ஒரு மலையிலிருந்து இறங்கி வருபவர்களைப் பற்றி. கட்டுப்பாடு மிகுந்த ஒரு சமயக் கூட்டத்தை விட்டு வெளியே வருபவனுக்குப் புத்தகம் என்ன ஆகிறது, பக்தி என்ன ஆகிறது, நட்பு என்ன ஆகிறது என்பது பற்றி. எனக்கு இதில் சொந்தப் பங்கு உண்டு. இதே பாலசமுத்திரத்தில் பிறந்த நான் இருபத்திரண்டு வயதில் அப்படி ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். பதினோரு வருஷம் இருந்தேன். அது எது, எந்தச் சமயம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் ‘அவர்கள் அப்படித்தான்’ என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை.

என் கதையைவிட 1,300 ஆண்டுக்கு மேல் பழைய கதை ஒன்று இருக்கிறது. தமிழில் இந்த அனுபவத்தை முதலில் முழுசாகப் பேசிய மனிதர் அப்பர் என்னும் திருநாவுக்கரசர். நாம் அவரைத் தேவாரம் பாடியவராக, கல்லில் மிதந்து கரையேறியவராக நினைக்கிறோம். ஒரு கூட்டத்தை விட்டு வெளியே வந்தவராக அதிகம் நினைப்பதில்லை.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த அவருக்கு வைத்த பெயர் மருள்நீக்கியார். அக்கா திலகவதி. பெற்றோர் அடுத்தடுத்துப் போனார்கள். அக்காவுக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையாரும் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்த அக்கா தம்பிக்காக இருந்தாள். தம்பி, நிலையாமையைக் கண்ணால் கண்டவன், தண்ணீர்ப் பந்தல் வைத்தான், சாலை அமைத்தான், தருமங்கள் செய்தான். அதுவும் போதாமல் சமணத்தில் சேர்ந்தான். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாவு, பிறகு தருமம், பிறகு கூட்டம். இன்றும் அந்த வரிசை மாறவில்லை. கட்டுப்பாடான குழுக்களில் சேருகிறவர்களை ஏமாளிகள் என்று நினைக்கிறோம். என்னோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அண்மையில் யாரையோ பறிகொடுத்தவர்கள். எனக்கு அது அம்மா.

மருள்நீக்கியார் போய்ச் சேர்ந்த இடம் பாடலிபுரம், இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். ஏதோ ஒரு மடம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458இல் சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்ற பிராகிருத நூலை அந்தப் பாடலிபுரத்தில்தான் முடித்தார். உலகத்தின் அமைப்பைப் பேசும் நூல் அது. பின்னால் அது சமஸ்கிருதத்தில் பெயர்க்கப்பட்டது. அந்தப் பெயர்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. மருள்நீக்கியார் உள்ளே நுழைந்தபோது ஏட்டுச்சுவடிகள் பல தலைமுறை குவிந்த வீடு அது. அங்கே அவர் சமண நூல்களை முழுக்கக் கற்றார், பௌத்தரை வாதில் வென்றார், தருமசேனர் என்று பட்டம் பெற்றார், தலைவரானார். எல்லாவற்றையும் சேக்கிழாரே சொல்கிறார்.

பிறகு சூலைநோய். கூட இருந்தவர்கள் மந்திரித்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், நோய் தணியவில்லை என்று பெரியபுராணம் பேசுகிறது. சைவ மேடைகளில் இந்த இடத்தை ஒரு சிரிப்போடு சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு இங்கே கடக்க முடிவதில்லை. நடுராத்திரி வயிற்றுவலியில் புரளும் ஒருவனுக்குப் பக்கத்தில் நாலு பேர் விழித்திருந்து தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கை யாருடையது? தருமசேனர் போன பிறகு அந்த மனிதர் என்ன நினைத்தார்? தருமசேனரின் பக்கத்துப் பாயில் படுத்தவர் எழுதியது ஒன்றும் நம் கையில் இல்லை. வென்றவர்கள் சொன்ன கதைதான் இருக்கிறது.

வலி தாங்காமல் அவர் அக்காவுக்குச் சேதி சொல்லி அனுப்பியது யாரிடம் தெரியுமா? சமையற்காரரிடம். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். எந்த மடத்திலும், எந்தக் கூட்டத்திலும், யார் சாப்பிடவில்லை, யாருக்குத் தூக்கம் இல்லை, யார் மனசு வெளியே போய்விட்டது என்பது சமையல்கட்டுக்கு முதலில் தெரியும். தலைவருக்குக் கடைசியில்தான் தெரியும். நான் கிளம்பிய அன்று காலை எங்கள் கூட்டத்தில் சமையல் பார்த்த அம்மா கேட்காமலே இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவருக்குத்தான் கஷ்டம்.

திலகவதியார் என்ன பதில் சொன்னார்? சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்றார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, அவருக்கும் ஒரு கோடு இருந்தது. ஆனால் அவர் இருந்த திருவதிகையில் கதவு இருந்தது. தருமசேனர் உடுத்த பாயை விட்டார், குண்டிகை தொங்கும் உறியை விட்டார், மயிற்பீலியை விட்டார், வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு யாரும் அறியாமல் இரவில் நடந்து அக்காவின் காலடியில் வந்து விழுந்தார். பாய், உறி, பீலி என்று ஒவ்வொன்றாக விட்டதாகத்தான் சேக்கிழார் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்களுக்கு அது புரியும். கொள்கையை விடுவது பிறகு. முதலில் உடம்பிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். நான் வெளியே வந்து ஆறு மாதத்துக்குக் கலர்ச் சட்டை போடவில்லை. போடக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

விடியும் முன்பே அக்கா துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு தம்பியைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். திருநீறு கொடுத்தார். முதல் பதிகம் பிறந்தது. அதற்குப் பிறகு அவர் கையில் வந்த கருவி உழவாரம், கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் கருவி. ஒரு சுவடிச்சாலையை விட்டு வந்தவர் புல் செதுக்கப் போனார் என்பதை நான் வெகுநாள் பக்தியின் பணிவு என்று மட்டும் படித்தேன். இப்போது வேறு காரணமும் தெரிகிறது. ஒரு நூலை வரிக்கு வரி இன்னொருவர் சொன்ன பொருளிலேயே பல ஆண்டு படித்தவனுக்கு, வெளியே வந்தவுடன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பழைய குரல்தான் கேட்கும். நானும் ஒரு வருஷம் எதையும் படிக்கவில்லை. மாமாவின் தென்னந்தோப்பில் பாத்தி கட்டினேன். பொருந்தலாறு பக்கத்து மண் நல்ல மண், யாரையும் கேள்வி கேட்காது.

நூலுக்குத் திரும்பியது இந்த ஊர் நூலகத்தில்தான். எங்கள் கூட்டத்தில் நாவல் கூடாது, செய்தித்தாள் கூடாது, அடுத்த சமயத்தின் நூலைத் தொடவே கூடாது. அதனால் முதல் நாள் அலமாரி முன்னால் திருடனைப் போல நின்றேன். நான் எடுத்த முதல் புத்தகம் ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனம். அது 1852இல் வந்த நூல். எளிய உரைநடையில் இருந்ததும், கைக்கெட்டும் தட்டில் இருந்ததும்தான் காரணம். பிறகுதான் நாவலர் கதையும் தெரிந்தது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர் நாவலர். அவர் கிறிஸ்தவரானதில்லை. 1848இல் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெர்சிவலும் பின்னால் அந்த வெஸ்லியன் சபையிலிருந்து விலகி ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார், சென்னையில் பேராசிரியரானார், தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினார். குருவும் சீடனும் ஒரே வாசலால் வெளியேறி இரண்டு பக்கம் போனார்கள். மிஷன் பள்ளியில் கற்ற பள்ளிக்கூட முறையையும், அச்சு யந்திரத்தையும், உரைநடையையும் நாவலர் கையோடு கொண்டுபோனார். வெளியே வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை.

அப்பரும் வெறுங்கையோடு வரவில்லை. நிலையாமையை அவர் பாடும் தீவிரம், உடம்பைப் பற்றிய அந்தக் கண்டிப்பு, இவற்றில் தருமசேனரின் படிப்பு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தலைமயிர் பறித்ததையும், நின்றபடி கையில் சோறு வாங்கி உண்டதையும், தன்னைக் கண்டவர்கள் கதவடைத்ததையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூசுகிறார். திருவாரூரில் பாடிய ஒரு பதிகத்தில் பாட்டுக்கு ஒரு பழமொழி. ஒவ்வொன்றும் தன்னையே ஏமாளி என்று அடிப்பது. அதன் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பழைய தோழர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை அவருடைய 312 பதிகங்களில் நான் கண்டதில்லை. சுண்ணாம்புக் காளவாயும் நஞ்சும் யானையும் கல்லுமாக அவர் பட்ட சோதனைகள் அவர்கள் மூலம் வந்தவை என்றால் நல்ல வார்த்தை எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இருந்தாலும், பீலியால் தடவிய அந்தக் கைக்காக நான் காத்திருக்கிறேன்.

சரி, நட்பு. அப்பருக்கு வெளியே கிடைத்த நட்புகள் இரண்டு. ஒன்று நாடறிந்தது. சீர்காழிச் சிறுவன் சம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைத்தார், அதுவே பெயராயிற்று. திருப்பூந்துருத்தியில் கிழவரான அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகச் சிறுவரின் சிவிகையைச் சுமந்தார். சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பும்போது, சமணர் செய்யும் தீங்கு எனக்குத் தெரியும், நாளும் கோளும் சரியில்லை, போகவேண்டாம் என்று தடுத்தவரும் அப்பர்தான். உள்ளே இருந்து வந்தவனின் பயம் அது. வெளியிலேயே வளர்ந்தவருக்கு அது விளங்காது. சம்பந்தர் கோளறு பதிகம் பாடிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு நட்பு திங்களூர் அப்பூதியடிகளுடையது. இவர் அப்பரைப் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்று பெயர். பசுவுக்கும் எருமைக்கும், வீட்டு மரக்காலுக்கும் படிக்கும், குளத்துக்கும், வழியில் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே பெயர். அப்பர் அந்தப் பந்தலில் நிழலுக்கு ஒதுங்கி, எழுத்தைப் பார்த்து, உன் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை ஏன் எழுதினாய் என்று கேட்கிறார். அப்பூதிக்குக் கோபம் வந்துவிடுகிறது. அப்போது அப்பர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் விதம் இருக்கிறதே: வேறு துறையிலிருந்து சூலையால் கரையேறியவன் நான் என்கிறார். பாடல்களைச் சொல்லவில்லை, கல் மிதந்ததைச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தேன் என்பதைத்தான் அடையாளமாகச் சொல்கிறார்.

எனக்குத் தைப்பூசம் வந்தால் இந்தக் கதை ஞாபகத்துக்கு வந்துவிடும். நான் வெளியே வந்த மறு வருஷம், தாராபுரம் சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்த பள்ளித் தோழன் ஒருவன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவன் அப்பா சாவுக்குப் போகவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. சொம்பைக் கையில் கொடுத்து, “ஊத்துடா, கை வலிக்குது” என்றான். அன்று இரவு வரை ஊற்றினேன். காவடிக்காரர்களின் கால் கொப்புளங்களைப் பார்த்தேன். எனக்கு முருகன் மேல் பக்தி வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. தாகம் தெரிந்தது.

உள்ளே இருந்த நட்புதான் தீராத கணக்கு. கூட்டத்தில் இருக்கும்போது கிடைத்த நட்பைப் போல ஆழமானது எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒன்றாக எழுந்து, ஒரே பாட்டைப் பாடி, ஒரே தட்டில் சாப்பிட்ட பழக்கம். வெளியே வந்த மறுநாளே அது அறுந்துவிடும். போனவனோடு பேசக் கூடாது என்பது விதி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையிலும் இது உண்டு. 1911இல் பிரம்மஞான சபையினர் அவரை மையமாக வைத்துத் தொடங்கிய நட்சத்திரச் சங்கத்தை, 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓம்மன் நகரில் அவரே கலைத்தார். 1933இல் அன்னி பெசன்ட் இறந்த பிறகு அடையாறு பிரம்மஞான சபைக்குள் அவர் நுழையவில்லை. 1980இல் சபையின் தலைவரான ராதா பர்னியர் அழைத்த பிறகுதான் அந்த ஆலமரங்களுக்கு நடுவே மறுபடி நடந்தார். ஏறக்குறைய 47 வருஷம். கடற்கரை ஒன்றே, நடுவில் ஒரு வாசல். (புனித நூல்கள் எதையும் படிப்பதில்லை என்று சொன்ன அவர் துப்பறியும் நாவல்களை விரும்பிப் படித்தார் என்பது எனக்குத் தனிப்பட்ட ஆறுதல்.)

எதிரி வீட்டு நூலை எப்படிக் கையில் எடுப்பது என்பதற்குத் தமிழில் ஒரு வேடிக்கையான பரம்பரை இருக்கிறது. அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான், சமண நூலை ஏன் படிக்கிறாய் என்று கண்டித்த அமைச்சர் சேக்கிழார் அதற்கு மாற்றாகப் பெரியபுராணம் பாடினார் என்று உமாபதி சிவம் எழுதுகிறார். அப்பர் கதை நமக்குக் கிடைத்ததே ஒரு சைவ அரசனால் சமணக் காப்பியத்தைக் கீழே வைக்க முடியாமல் போனதால்தான். அதே சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சமணர் அல்லர். முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காததால், அவர்களோடு போய் இருந்து அவர்கள் நூல்களைக் கற்று மறுபடி எழுதினார் என்று ஒரு கர்ணபரம்பரைச் செய்தி உண்டு. பிறகு 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், ஆதீனத் தமிழில் ஊறிய உ.வே. சாமிநாதையரிடம், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அவர் படித்த திருவாவடுதுறை ஆதீனத்தில் அதைப் பாடம் சொல்லும் வழக்கமில்லை. ஐயர் சந்தேகம் கேட்டுப் போன இடம் கும்பகோணத்துச் சைனர் வீடுகள். அங்கே ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருப்பதைப் பார்த்து என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணி வாசிப்பு அன்று பூர்த்தியாகிறது என்றார்கள். இவர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த நூலுக்கு அந்த வீட்டில் விழா நடந்துகொண்டிருந்தது. அந்தச் சைனர்கள் நண்பர்களானார்கள். 1887இல் புத்தகம் அச்சில் வந்தது.

அப்பர் விட்டு வந்த வீட்டுக்குள் சாமிநாதையர் நுழைந்தார் என்று எனக்குப் படுகிறது. சேரப் போகவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கப் போனார்.

சம்பந்தர் போன அந்த மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த எண்ணை ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். அதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து, பாண்டியன் ஒருவன் ஆண்டபோதே, நம் ஐவர்மலையில் சாந்திவீரர் படிமத்தைப் புதுப்பித்துச் சோற்றுக்குப் பொன் வைக்கிறார். பாறையில் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர் இருக்கிறது. பெண் துறவிகளான குரத்தியரின் பெயர்களும் இருக்கின்றன. போன மாதம் அங்கே போயிருந்தேன். வெயிலில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. சாய்வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்து பார்த்தேன்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் இன்று எனக்குத் தந்த தொகைக்குப் புத்தகங்களாகவே வாங்கி இந்த நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நாலாம் திருமுறை, உரையோடு சிந்தாமணி, சாமிநாதையரின் என் சரித்திரம். கூடவே நான் இருந்த கூட்டம் அச்சிட்ட சின்னப் புத்தகங்கள் ஏழையும் கொடுத்திருக்கிறேன். நூலகர் கொஞ்சம் தயங்கினார், பிறகு எண் போட்டு எடுத்துக்கொண்டார்.

அவர்களுடைய பாட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் பையில் போட்டு வந்தது. வீட்டுக்கு வந்துதான் முதல் பக்கத்தைத் திறந்தேன். மசியில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது என் பெயர் இல்லை, பக்கத்துப் பாயில் படுத்தவனுடையது. என்னுடையது அவனிடம் இருக்கும்.